நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் உணவில் வாணிக வழிகளின் சுவடுகள்

முன்னுரை

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளுள் ‘நமது பாரம்பரிய உணவு’ என்பது அடிக்கடி இடம்பெறும் தலைப்பாகும். சோறு, மிளகாய் அரைத்து வைத்த மீன்குழம்பு, சவ்வரிசிப் பாயசம் ஆகியவற்றை நம் முன்னோர் தமிழகத்திலிருந்து அப்படியே கொண்டுவந்தனர் என்றும், அவற்றை மாற்றமின்றிக் காப்பதே நம் கடமை என்றும் அக்கட்டுரைகள் பெரும்பாலும் முடிவுறும். மரவள்ளிக் கிழங்குக்கு அவற்றில் இடமிருப்பதில்லை. இடம்பெற்றாலும், அது வறுமையின் அடையாளமாகவே சுட்டப்பெறும்.

இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது பாதி உண்மையே. தோட்டத் தமிழரின் உணவு, கடல்கடந்த வாணிகத்தால் பல நூற்றாண்டுகளாக உருவாகிவந்த ஒன்று. அவ்வுணவில் எது ‘நமது’, எது ‘அயலது’ எனப் பிரிக்க முற்படுவோர் எளிதில் தடுமாறுவர். மிளகாய், புழுங்கலரிசி, மரவள்ளி ஆகிய மூன்று பொருள்களின் வழியே இதனை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. நெகிரி செம்பிலான் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். காப்பி, மரவள்ளி, ரப்பர் ஆகிய ஏற்றுமதிப் பயிர்கள் ஒன்றையொன்று தொடர்ந்து இம்மண்ணில் நடப்பட்டன. அத்துடன், தமிழ்த் தொழிலாளர் உண்ட அரிசி ஓர் உலகளாவிய மருத்துவக் கண்டுபிடிப்புக்குத் துணைநின்றதும் இம்மாநிலத்திலேயாகும்.

மிளகும் மிளகாயும்

தமிழர்க்கும் மலாய்த் தீவக்குறைக்கும் இடையிலான உணவுப் பண்டப் பரிமாற்றம் தோட்டங்களோடு தொடங்கியதன்று. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்து, மிளகு மூட்டைகளோடு ஈழத்து உணவுப் பொருள்களையும் காழகத்துப் பண்டங்களையும் குறிப்பிடுகின்றது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் பொருள் கொள்வார். சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸுக்கு அருகிலுள்ள லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைப் பற்றியது. பாருஸ் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற துறையாகும். ஆகவே, கடல்வழிப் பண்டங்கள் தமிழர் அடுப்பங்கரையை அடைந்தது மிகப் பழைய செய்தியாகும்.

சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்னும் சொல் மிளகைக் குறித்தது. அக்காலத் தமிழர் உணவுக்குக் காரம் தந்த பொருள்களுள் மிளகே தலையாயது. மிளகாய் அவர்கள் அறியாத பொருள். அஃது அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1492இல் கீழை நாடுகளின் நறுமணப் பொருள்களை நாடிப் புறப்பட்ட கொலம்பஸ், கரீபியத் தீவுகளில் மிளகைக் காணவில்லை. அங்கு அவர் கண்டது மிளகாயை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் கோவாவும் 1511இல் மலாக்காவும் போர்த்துகீசியர் வசமாயின. அவர்களுடைய கப்பல் வழிகளின் ஊடாகவே மிளகாய் இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பரவியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

புதிய பொருளுக்குத் தமிழர் இட்ட பெயர் கருதத்தக்கது. மிளகைப் போன்று காரமுடைய காய் என்னும் பொருளில் அது ‘மிளகாய்’ ஆயிற்று. மலாய்மொழியிலும் இதே போக்கினைக் காணலாம். மிளகை ‘லாடா ஹீத்தாம்’ என்று வழங்கும் அம்மொழி, பல வட்டாரங்களில் மிளகாயையும் ‘லாடா’ என்றே குறிக்கும். மினாங்கபாவ் மொழியில் மிளகாய் ‘லாடோ’ எனப்படும். ஆங்கிலேயரும் மிளகுக்குரிய பெயரையே மிளகாய்க்கும் நீட்டினர். ஒருவரையொருவர் கேளாமலே மூவரும், அறிந்த பொருளின் பெயரைக் கொண்டு அறியாத பொருளைத் தமதாக்கிக் கொண்டனர் எனலாம்.

சுமத்திராவிலிருந்து வந்து நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் மக்களின் ‘மாசாக் லெமாக் சிலி அப்பி’ இன்று இம்மாநிலத்தின் அடையாள உணவாக விளங்குகின்றது. தேங்காய்ப்பால், மஞ்சள், சிறு மிளகாய் ஆகியவை அதன் உயிர்ப்பொருள்கள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் மிளகாயைத் தம் முன்னோர் பொருளென்றே எண்ணினர். வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த இரு மக்கள், இருவர்க்கும் உரியதல்லாத ஒரு காயைத் தத்தம் பாரம்பரியம் எனக் கொண்டு இம்மண்ணில் சந்தித்தனர். அவர்கள் கொண்டது பிழையன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுக்காலப் பழக்கம் ஒரு பொருளைப் பாரம்பரியமாக்கப் போதுமானதே.

காப்பியும் ரப்பரும்

தமிழ்த் தொழிலாளர் இங்கு வந்து சேர்ந்ததற்கும் பயிர் வாணிகமே காரணம். 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அத்தொழில் நலிவுற்றது. தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவை நாடினர். அந்நாளில் சுங்கை ஊஜோங் என வழங்கிய சிரம்பான் வட்டாரத்தில் 1880களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட லைபீரியக் காப்பியே மலாயாத் தாழ்நிலங்களில் பெரும்பான்மையாகப் பயிரிடப்பட்டது. 1890களின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகை உற்பத்தியால் காப்பி விலை வீழ்ச்சியுற்றது. நட்டமடைந்தோர் ரப்பரின்பால் திரும்பினர்.

அந்த ரப்பரும் பிரேசிலிலிருந்து வந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. மலாயாவின் ரப்பர்த் தொழில் இக்கன்றுகளிலிருந்து வளர்ந்ததாகும்.

இவ்வேற்றுமதிப் பயிர்களை வளர்த்தவர்க்கு உணவு விளைவிக்க நிலமில்லை. லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் வீட்டருகே கீரையும் முருங்கையும் வைக்கலாம். நெல் விளைக்க இயலாது. ஆதலின் அரிசி கடல்வழியே வரவேண்டியிருந்தது. பர்மாவும் சயாமும் அதனை அனுப்பின. ஐராவதி வடிநிலத்தின் நெல் விளைச்சலுக்குக் கடன் வழங்கியவருள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதன்மையானவர். ஆகவே, சிரம்பானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வெந்த சோற்றின் பின்னணியில் செட்டிநாட்டு மூலதனமும் பர்மிய உழவரின் உழைப்பும் இரங்கூன் ஆலைகளும் இருந்தன. 1920களின் இறுதியில் மலாயாவின் முதன்மைப் பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் எனக் கூலி வரையறுக்கப்பட்டபோது, அவ்வரையறையும் அரிசி முதலிய உணவுப் பொருள்களின் விலையை அடியொற்றியதே.

புழுங்கலரிசியும் பெரிபெரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களையும் சிறைகளையும் மருத்துவமனைகளையும் அச்சுறுத்திய நோய் பெரிபெரி. கால்கள் மரத்து வலுவிழக்கும், உடல் வீங்கும், முற்றிய நிலையில் இதயம் செயலிழந்து நோயாளி இறப்பார். தொற்றுநோய் என்று பலர் கருதினர்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய லியனார்டு பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். சீனச் சுரங்கத் தொழிலாளர் பெருமளவில் இந்நோய்க்கு ஆளாயினர். சிற்றூர்களில் தம் வயல் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க்காரரிடம் இது அரிதாகவே காணப்பட்டது. தமிழ்த் தொழிலாளரும் பெரும்பாலும் இதற்குத் தப்பினர். மூவரும் வாழ்ந்தது ஒரே வட்டாரம். மூவர்க்கும் முதன்மை உணவு சோறு. வேறுபாடு அரிசியில் இருந்தது. சீனர் உண்டது சயாம் ஆலைகளில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் தம் முடிபுகளை 1907இல் நூலாக வெளியிட்டார். பழைய வெள்ளையரிசியில் உண்டாகும் ஒருவகை நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார். அவர் தந்த விளக்கம் பிழையாயிற்று. ஆனால் அவர் கண்ட வேறுபாடு உண்மையானது.

அதே காலத்தில் வில்லியம் ஃபிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வெள்ளையரிசியும் மற்றொரு பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளையரிசி உண்டோரிடையே நோய் பரவியது. பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானின் உட்பகுதிக் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் ஆராய்ந்தனர். வெள்ளையரிசி உண்ட குழுவினர்க்கு நோய் கண்டது. புழுங்கலரிசி உண்டவர்க்குக் காணவில்லை. அரிசியை மாற்றியளித்தபோது நோயும் இடம் மாறியது. 1909இல் வெளிவந்த அவ்வாய்வு, நோய் தொற்றுவதன்று என்பதையும், அரிசியைத் தீட்டும்போது ஏதோ ஒன்று இழக்கப்படுகின்றது என்பதையும் வலியுறுத்தியது.

அவ்வாறு இழக்கப்படுவது தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டுப் பகுதியிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்புறம் சென்று தங்குகின்றது. ஆகவே, பின்னர் தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. 1890களில் ஜாவாவில் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்த ஐக்மனின் பணியும், மலாயாவில் நிகழ்ந்த இவ்வாய்வுகளும், 1912இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்னும் கருத்தை முன்வைக்க வழிகோலின. ஐக்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியர்கள் இரு செய்திகளைக் கவனமாகப் பிரித்தறிதல் வேண்டும். நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே புழுங்கலரிசியை உண்டனர் எனல் பொருந்தாது. அவித்த நெல் குத்தும்போது நொய்யாகாது. அரிசி நெடுநாள் கெடாதிருக்கும். சோறு பசி தாங்கும். மறுநாள் பழையசோறாக நீரோடு உண்ணவும் ஏற்றது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பின் மரம் வெட்டப் புறப்பட்ட தொழிலாளர்க்கு இவையே போதிய காரணங்கள். அதே வேளையில், அப்பழக்கத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. கூலி குறைவாயினும், கடல்கடந்து வந்தபோதும், தமிழர் இவ்வரிசியையே விரும்பிக் கேட்டதால்தான் வணிகர் வங்காளத்திலிருந்தும் இரங்கூனிலிருந்தும் அதனை வரவழைத்தனர். வாணிகம் உணவை உருவாக்கியதைப் போலவே, உண்பவரின் விருப்பமும் வாணிகத்தை உருவாக்கியது. மருத்துவ அறிக்கைகளில் அத்தொழிலாளர் ‘தமிழர்’ என்னும் இனப்பெயராக மட்டுமே இடம்பெறுகின்றனர். ஆயினும் அவர்களுடைய உணவுத் தட்டு இல்லையேல், பிராடன் ஒப்பிட்டுக் காண்பதற்கு ஏதும் இருந்திராது.

மரவள்ளியின் இருமுறை வருகை

மரவள்ளியைப் போர்க்காலக் கிழங்கு என்றே பலரும் அறிவர். ஆயின் நெகிரி செம்பிலானில் அது ரப்பருக்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவைச் சேர்ந்த சீன முதலாளிகள் அங்கும், எல்லையை அடுத்துள்ள தம்பின், ரெம்பாவ் வட்டாரங்களிலும் மரவள்ளியைப் பெருமளவில் பயிரிட்டனர். அதன் மாவும் சவ்வரிசியும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. சில ஆண்டுகளில் மண் வளமிழக்கும், தோட்டம் கைவிடப்படும், அங்கு லாலாங் புல் மண்டும். 1896இல் மலாக்காவில் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் நட்ட டான் சே யான் இம்மரவள்ளி முதலாளிகளின் மரபில் வந்தவரே. மரவள்ளிக்கு இடையே ரப்பர் நடும் முறை இதன்பின் பரவியது.

மரவள்ளியும் ரப்பரும் தாவரவியலில் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் கீறினால் பால் வடியும். இரண்டும் பிரேசில் மண்ணுக்கு உரியவை. முன்னது போர்த்துகீசியரால் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரப்பப்பட்டது. பின்னது ஆங்கிலேயரால் கொணரப்பட்டது. வெவ்வேறு நூற்றாண்டுகளில் தாயகம் விட்டுப் புறப்பட்ட இவ்விரு பயிர்களும் இவ்வட்டாரத்தில் அருகருகே நடப்பட்டன.

அப்போது மரவள்ளி வணிகப் பயிர். தோட்டத் தமிழரின் முதன்மை உணவன்று. அதனை அவ்வாறு ஆக்கியது போர். 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றிய பின்னர், அரிசி வாணிகம் முறிந்தது. ரப்பரை வாங்குவாரில்லை, கூலியில்லை, அரிசியுமில்லை. லயத்தருகிலும் தோட்ட நிலத்திலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. சயாம்–பர்மா இரயில்பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியோடு பெரிபெரியும் அங்கு மீண்டும் தலைகாட்டியது. எஞ்சியோர் தோட்டங்களில் கிழங்கை அவித்தும், துருவிப் புட்டாக்கியும், மாவாக்கி அடையாகச் சுட்டும் உயிர்காத்தனர். நெகிரி செம்பிலானின் பகாவ், உணவு விளைவிக்கும் குடியேற்றம் ஒன்றின் களமாயிற்று. சிங்கப்பூரின் யுரேசியரும் கத்தோலிக்கச் சீனரும் 1943இன் இறுதி முதல் அங்குக் குடியேற்றப்பட்டனர். பலர் மலேரியாவுக்கு இரையாயினர்.

இது மலாயாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்திருந்தார். பர்மா அரிசி நின்றபோது அங்கும் அக்கிழங்கே ஏழையரைத் தாங்கியது. தமிழகத்தின் சேலத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். கீழைநாடுகளிலிருந்து வந்த சவ்வரிசியும் மாவும் போரினால் தடைபட்டமையால், 1943ஆம் ஆண்டளவில் அங்கு மரவள்ளியிலிருந்து சவ்வரிசி செய்யும் குடிசைத்தொழில் தொடங்கியது. ‘ஜவ்வரிசி’ என்னும் பெயரே ஜாவா அரிசி என்பதன் மரூஉ எனக் கொள்ளப்படுகின்றது. தமிழகத்திலிருந்து வந்ததாக நம் மாணவர் எழுதும் சவ்வரிசிப் பாயசம், உண்மையில் இத்தீவுகளின் பக்கமிருந்து தமிழகம் சென்ற பண்டத்தால் ஆனது.

சொற்களில் தங்கிய வரலாறு

உணவுப் பெயர்கள் இப்பரிமாற்றத்துக்குச் சான்றாகின்றன. மலாய்மொழியிலுள்ள காரி, அப்பம், புட்டு, தோசை, கடை எனும் பொருள்படும் கெடாய் ஆகியவை தமிழிலிருந்து சென்றவை. பெலாச்சான், சம்பல் முதலியவை மலாயிலிருந்து மலேசியத் தமிழர் பேச்சில் கலந்தவை. அன்னாசியும் மலாய் நனாஸும் போர்த்துகீசியர் வழிவந்த தென்னமெரிக்கப் பழங்குடி மொழிச்சொல்லின் இரு வடிவங்கள். நெத்திலியைப் பெலாச்சானோடு வதக்கிச் சம்பலாக்கும் வீட்டில், பண்டான் இலையிட்டுப் பாயசமும் காய்ச்சுவர். காலை உணவைப் ‘பசியாறுதல்’ எனும் வழக்கும் மலேசியத் தமிழில் உயிரோடு உள்ளது. பழந்தமிழ்ச் சொல்லும் புதிய பண்டமும் ஒரே அடுப்பங்கரையில் இயல்பாகவே சேர்ந்து வாழ்கின்றன.

முடிவுரை

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் நகர்களாயின. செம்பனையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிரே. அதன் எண்ணெய் இன்று தமிழக நியாயவிலைக் கடைகளிலும் விற்கப்படுகின்றது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. அக்கட்டுப்பாடுகள் 2024இல் நீக்கப்பட்டன. எனினும், நம் சோறு இன்றும் கடல்வழியைச் சார்ந்தே உள்ளது என்பதை அவை நினைவூட்டின.

ஆகவே, ‘பாரம்பரிய உணவு’ என்னும் தலைப்பை வகுப்பறையிலிருந்து நீக்கவேண்டியதில்லை. அதனைக் கேட்கும் முறையை மாற்றினால் போதும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு உணவு ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள பொருள்கள் எங்கிருந்து, எப்போது, யார் வழியாக வந்தன என்றும், அவற்றின் பெயர்கள் எம்மொழிக்குரியவை என்றும் ஆராயலாம். புழுங்கலரிசியின் வரலாற்றை அறிவியல் பாடத்தோடு இணைக்கலாம். இவையனைத்தினும் விரைந்து செய்யவேண்டியது ஒன்றுண்டு. 1942இல் பத்து வயதுச் சிறுவராக மரவள்ளி தின்று வளர்ந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். கிழங்கின் நச்சுத்தன்மை நீங்க அதனை எவ்வாறு பக்குவப்படுத்தினர், எவ்வாறு மாவாக்கினர், அரிசி மீண்டும் கிடைத்த நாள் எவ்வாறிருந்தது என்பனவற்றை அவர்களிடமிருந்தே பதிவு செய்தல் வேண்டும். பிராடனின் நூலில் நம் தொழிலாளர்க்குப் பெயரில்லை. மரவள்ளியின் வரலாற்றையேனும் அவர்தம் பெயரோடு எழுதிவைக்க நமக்கு இன்னும் சிறிது காலம் எஞ்சியுள்ளது.